மூன்றாம் ஓலைக்கு முன்

கிங்ஸ்டன் முதலில் காதலித்தது ஜெபசுதாவின் மூக்கைத்தான். இதை அவனே நிச்சயதார்த்தத்தன்று இரு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன்" என்று அவன் முடித்ததும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஜெபசுதாவும் முகம் சிவக்கச் சிரித்தாள்.

அப்படிப்பட்ட மூக்கு அது. தூத்துக்குடி பக்கத்து ஊரான நாசரேத்தில் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பக்கத்து வீட்டு அடுப்பில் பால் அடிப்பிடிக்கப் போவதைத் தன் வீட்டில் இருந்துகொண்டு சொல்லிவிடுவாள். ஆறாண்டுகளுக்கு முன் இறந்துபோன அவள் அம்மா, மீன்காரி வந்தால் மகளைத்தான் கூப்பிடுவாள். ஜெபசுதா கூடைக்கு மேல் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, "இது நேத்து உள்ளது" என்பாள். மீன்காரி திட்டிக்கொண்டே வேறு மீனை எடுப்பாள்.

உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்து, இரண்டு இடங்களில் வேலை பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் அருமைநாயகம் என்பவருடைய அரிசி ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரியாகச் சேர்ந்தாள். சீரகச் சம்பா நெல்லை வாங்கி, அரைத்து, கப்பலில் அனுப்புகிற கம்பெனி. ஊருக்கு வெளியே மில். துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்களுக்கு நடுவே, ஒரு பெரிய குடோன். ஜெபசுதாவின் வேலை மில்லோடு சரி. சூப்பர்வைசர் பொன்னுதுரை ஒரு கிண்ணத்தில் அரிசி கொண்டு வந்து மேசையில் வைப்பார். அவள் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து முகர்வாள். பிறகு ஒரு சின்னச் சட்டியில் வேகவைத்து, மூடியைத் திறந்து, மறுபடி முகர்வாள். வேகும்போதுதான் சீரகச் சம்பா தன்னைக் காட்டும். பச்சை அரிசியில் ஒளிந்திருக்கிற வாசம் ஆவியோடு எழுந்து அறை முழுக்க மெல்லப் பரவும். அவள் கையெழுத்துப் போடுவாள். இரண்டு வருடம் இப்படியே போனது.

அருமைநாயகத்தின் ஒரே மகன் கிங்ஸ்டன். ஒரு மார்கழி மாதம் அவளை ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயலுக்குக் கூட்டிப்போனான். கம்பெனிக்காகச் சீரகச் சம்பா பயிரிட்டிருந்த சிவனணைந்தபெருமாள் என்கிற சம்சாரி, வாய்க்கால் வரப்பில் அவர்களை நிறுத்திவிட்டு, "கதிர் பூக்குத நேரம். இப்ப அசையாம நில்லுங்கம்மா. இது எல்லாருக்கும் மணக்காது. மெனக்கெட்டு நின்னாத்தான் வரும்" என்றார். ஜெபசுதா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காற்று நின்ற ஒரு நொடியில் அது வந்தது. பூ மாதிரியும் இல்லாமல், சோறு மாதிரியும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கண்ணைத் திறந்தபோது கிங்ஸ்டன் வயலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சேற்றில் பதிந்த செருப்பை எடுக்கக்கூட மறந்துபோய் நின்றான்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"நல்ல மூக்கு நம்ம வீட்டுக்குள்ளயே இருந்துட்டா வெளிய எதுக்குத் தேடணும்?" என்று அருமைநாயகம் பெண் கேட்க வந்தபோது சொன்னார். ஜெபசுதாவின் அப்பா வேதமணி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மகளைப் பாராட்டுகிறார்கள் என்று பூரித்துப்போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஐயர் வாசிக்கும்போது, பெஞ்சில் இருக்கிற பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சபையைக் கவனிக்கிற போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். முதல் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிறு, ஜெபசுதா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்ததில் நூலே பிரிந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், தூத்துக்குடியில் இருந்து ஏரல் வழியாக நாசரேத்துக்கு வருகிற பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனேயே ஜெபசுதா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

அரிசி வாசம் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு குரலை ஒலிபெருக்கியில் வைத்துக் காதுக்குள் கத்தினால் எப்படியிருக்கும், அப்படி. பிஸ்கட்டையும் ஏதோ இலையையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, நாள்முழுக்க வெயிலில் வைத்துத் திறந்த மாதிரி. அதன் மேல் வியர்வை.

"என்னக்கா தைலம் தேய்க்கிய?" என்று கேட்டேவிட்டாள்.

"தைலமா? நான் எங்கன போவேன் தைலத்துக்கு? குடோன் நாத்தம்மா இது" என்று அந்தப் பெண் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "சோப்பு போட்டாலும் போவாது, சாம்பலப் போட்டுத் தேச்சாலும் போவாது. எம் வீட்டுக்காரரு, 'ஏளா, அந்தப் பக்கமா திரும்பிப் படு'ங்காரு. சரி, அவரு தொல்ல விட்டுச்சுன்னு இருந்தா, கைப்பிள்ள மாருல வாய வைக்க மாட்டேங்கான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அழுதான்."

"எந்தக் குடோன்?"

"அருமைநாயகம் அண்ணாச்சி குடோன்தான். அங்கன மூடை தைக்கேன். பேரு செல்லக்கனி."

வீட்டுக்குப் போனதும் ஜெபசுதா கிங்ஸ்டனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். "கொசுவுக்கு ஏதோ மருந்து அடிச்சாங்க சுதா. இந்த மூக்க வச்சிக்கிட்டு நான் எப்படிக் குடும்பம் நடத்தப் போறேனோ தெரியல. எவ பக்கத்துல நின்னுட்டு வந்தாலும் வாசல்லயே கண்டுபிடிச்சிருவ போல."

அவளும் சிரித்துவிட்டாள். அவனை நம்ப வேண்டும்போல் இருந்தது. நம்பினாள்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பெண் வீட்டாருக்குத் தூத்துக்குடியில் விருந்து. நாசரேத்தில் இருந்து இரண்டு வேனில் ஆட்கள் போனார்கள். அருமைநாயகத்தின் வீட்டு மாடியில் பந்தல் போட்டு, வாழை இலை விரித்திருந்தது. ஆட்டுக்கறிப் பிரியாணி. சமையல்காரர் அண்டாவின் மூடியைத் தூக்கினார்.

ஜெபசுதா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் முகர்ந்த அதே நாற்றம். ஆனால் இப்போது சூடாக, ஆவியாக, கொழுப்பில் ஊறி வந்தது. குழந்தைக்குப் போடுகிற பவுடரை ஆட்டுக்கொழுப்பில் கொட்டி வதக்கினால் இப்படித்தான் இருக்கும். மூக்கில் ஏறி, அண்ணத்தில் இறங்கி, நாக்கின் அடியில் எண்ணெய் மாதிரி படிந்தது.

"ஏயப்பா, என்னா வாசம்!" என்றார் அவளுடைய சித்தப்பா ஒருவர்.

"கீழ் வாசல்லயே தூக்குச்சுல்லா" என்றது இன்னொரு குரல்.

"ஏற்றுமதி அரிசின்னா சும்மாவா? நம்ம ரேசன் கடையிலயா வாங்கிட்டு வந்திருக்காக?"

அப்போது கிங்ஸ்டனின் அம்மாவின் முகம் மாறியதை ஜெபசுதா பார்த்தாள். அந்த அம்மாள் சமையல்காரரைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். அருமைநாயகம் மகனைப் பார்த்தார். அந்த அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே சமையலறைக்கு இறங்கிப் போனாள். பந்தியில் பரிமாறுவது நிற்கவில்லை.

கிங்ஸ்டன் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர் கரண்டியை நீட்டியபோது, அவள் இலைக்கு மேல் தன் கையை விரித்து மூடினான்.

"நீ இதத் தொடாத சுதா. அம்மா நமக்குத் தனியாச் சாதம் வைக்கப் போயிருக்கா."

"ஏன்? என்ன இது?"

"மூடை மாறிப்போச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "செவப்பு நூல் போட்டுத் தச்ச மூடைதான் வீட்டுக்கும் மில்லு டெஸ்டுக்கும் வரும். வெள்ள நூல் கப்பலுக்கு. வெள்ள நூல் தீந்துபோச்சுன்னு எந்த மடையனோ கப்பல் மூடைக்கும் செவப்பு நூலப் போட்டுத் தச்சிருக்கான். நாளைக்கு அவனப் பாத்துக்கிடுதேன்."

ஜெபசுதாவுக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. பொன்னுதுரை கொண்டுவந்த கிண்ணங்கள் அத்தனையும் சிவப்பு நூல் மூடையில் இருந்து வந்தவை.

எதிர் வரிசையில் அவள் அப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா சாப்பிடுதாங்க" என்றாள்.

"ஒரு நேரம் சாப்பிட்டா என்ன செய்யும்? அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று அவன் அவள் முழங்கையைத் தட்டினான். "நீ சும்மா இரு. இப்ப எந்திரிச்சா அசிங்கமாப் போயிரும்."

அருமைநாயகம் வேதமணியின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "சம்பந்தி, இன்னொரு கரண்டி வைக்கட்டுமா?"

"வைங்க, வைங்க. நல்ல ருசி. நல்ல மணம்" என்றார் வேதமணி.

அறுபது பேர் அந்தப் பவுடர்ச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, விரலை நக்கினார்கள். நக்கிவிட்டுப் புகழ்ந்தார்கள். ஜெபசுதாவுக்கு ஒரு கிண்ணத்தில் வெள்ளைச் சாதமும் ரசமும் வந்தது. அதுவும் இறங்கவில்லை. தண்ணீர் டம்ளரைத் தூக்கினாள். கொண்டுவந்தவரின் விரல் பட்ட இடத்தில் அதே நாற்றம்.

மறுநாள் திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் போகவில்லை. துறைமுகச் சாலையில் ஆட்டோவை நிறுத்தி, குடோனுக்குள் நடந்தாள். இரண்டு வருடத்தில் அங்கே அவள் வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் இருந்த காவல்காரர், சின்ன முதலாளி கட்டிக்கொள்ளப் போகிற பெண் வந்திருக்கிறாள் என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே எழுந்து நின்றார்.

உள்ளே தரையில் படுதா விரித்து, அதன் மேல் ஆள் உயரத்துக்கு அரிசி குவித்திருந்தது. சீரகச் சம்பா இல்லை. எங்கிருந்தோ லாரியில் வந்த மலிவான பொடி ரக அரிசி. தூரத்தில் இருந்து பார்த்தால் சீரகச் சம்பா மாதிரி சின்னதாக, வளைந்து இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குவியலின் மேல் ஒருவன் கணுக்கால் புதைய நடந்துகொண்டிருந்தான். முதுகில், பருத்திக்கு மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயர். அதில் பூச்சி படம் போட்ட பழைய லேபிள் பாதி கிழிந்து தொங்கியது. கால் பெருவிரலில் சுற்றியிருந்த துணி அழுக்கேறி, ஈரமாகி, அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அடிக்க அடிக்க இரண்டு பேர் மண்வெட்டியால் புரட்டிப் போட்டார்கள். மூலையில் வாசனை எசன்ஸ் நிறைத்த நீல நிறக் கேன்கள். அந்த இடத்தில் மூச்சு விடுவதே எதையோ விழுங்குவது மாதிரி இருந்தது.

தையல் மெஷின் பக்கத்தில் இருந்து செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "எம்மா, நீங்களா? பஸ்ஸுல வந்திய! மாப்பிள்ள வீடு பாக்க வந்தியளா?" என்று சிரித்தாள்.

ஜெபசுதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, உப்பளத்து வரப்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். செல்லக்கனி ஒரு பாட்டில் தண்ணீரோடு பின்னாலேயே வந்தாள்.

"என்ன, கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். "சும்மா சொன்னேம்மா, கோவிச்சுக்கிடாதிய. எங்களுக்கும் மொதல்ல இப்பிடித்தான் குடலப் புரட்டிச்சு. பத்து நாள் கழிச்சு எம் மூக்குக்கு ஒண்ணும் தெரியல. உங்களுக்கும் பழகிரும்."

பழகிரும். ஜெபசுதா அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

காவல்காரர் போன் செய்திருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் அருமைநாயகத்தின் கார் வந்தது. கிங்ஸ்டனும் இறங்கினான். குடோனின் சின்ன ஆபீஸ் அறையில் அருமைநாயகம் அவளை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். அவர் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. சபைக் கமிட்டியில் இருக்கிறவர்.

"எம்மா, நீ படிச்ச பிள்ள. உங்கிட்ட மறைக்கணும்னு இல்ல. நானும் மொதல்ல நெசமான சீரகச் சம்பாவத்தான் அனுப்பினேன். வாசம் பத்தலன்னு துபாய்ல வாங்குதவன் திருப்பி அனுப்பிச்சிட்டான். சிவனணைந்தபெருமாள் வயல்ல வெளஞ்சது! உம் மூக்குக்கே மெனக்கெட்டு நின்னாத்தான் தெரியும். அவனுக்கு மூடையப் பிரிச்சதும் மூஞ்சியில அடிக்கணும். அவன் கேக்குறதத்தான் நாம குடுக்கோம்."

"அப்ப நேத்து நீங்க ஏன் மாமா அதச் சாப்பிடல?"

அருமைநாயகம் டீயை ஆற்றினார். "எங்களுக்கு அது பழக்கமில்ல."

"எங்க அப்பாவுக்குப் பழக்கமா?"

"உங்க அப்பா ரெண்டு தரம் வாங்கில்லா சாப்பிட்டாங்க!" அவர் முகம் மலர்ந்தது. வழக்கில் ஜெயித்த மாதிரி. "நேத்து பந்தியில ஒரு ஆளு மூஞ்சியச் சுளிச்சிச்சா, நீயே சொல்லு. மணக்குதுன்னுதான சொன்னாங்க? அதத்தான் நானும் சொல்லுதேன்."

ஜெபசுதா டீயைத் தள்ளி வைத்தாள். அதிலும் அது மிதப்பதாகத் தோன்றியது. "இந்தச் சரக்குக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கிங்ஸ்டன் உடனே அவள் பக்கம் வந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. "நீ போட வேண்டாம் சுதா. யாரு உன்னப் போடச் சொன்னா? உன் கையெழுத்து கம்ப்யூட்டர்ல இருக்கு. கப்பலுக்குப் போற சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் போவுது. நீ மில்லுல போடுறது நம்ம ஃபைலுக்கு. இங்கன வந்து இந்தக் கண்றாவியெல்லாம் நீ பாக்க வேண்டாம்னுதான் அப்பிடி ஏற்பாடு பண்ணினேன்."

"எத்தன தடவ?"

"என்ன எத்தன தடவ?"

"எம் பேருல எத்தன தடவ அனுப்பிருக்கிய?"

அவன் அவள் கையைப் பிடித்தான். வரப்பில் நின்ற அன்றைக்குப் போலவே பார்த்தான். "நான் சொல்லுதேன் கேளு. கல்யாணத்துக்கு அப்புறம் நீ இந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்டுக்கு என்னைக்கும் செவப்பு நூல் மூடைதான் வரும். நேத்து நடந்தது ஒரு நூல் தப்பு. இனிமே நம்ம இலைக்கு அது வராது. இது சத்தியம்."

அவன் அதை மனதாரச் சொன்னான். பொய் சொல்கிறான் என்றிருந்தால் அவளால் சண்டை போட்டிருக்க முடியும். அவனுக்குத் தெரிந்த தப்பு நூல் மாறியது ஒன்றுதான். அவனுக்குத் தெரிந்த அன்பு, ஊரெல்லாம் தின்றுகொண்டிருக்கும்போது அவள் இலையை மட்டும் கையால் மூடுவது. அந்தக் கையைத்தான் அவள் இப்போது பிடித்துக்கொண்டிருந்தாள். தன்னையறியாமல் குனிந்து முகர்ந்தாள். சோப்பு வாசத்துக்கு அடியில் அது இருந்தது. எத்தனை நாள் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள்! அவன் போட்டுக்கொள்கிற சென்ட் அப்படி என்று நினைத்திருந்தாள்.

கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"சுதா, சுதா" என்று அவன் கார் வரைக்கும் வந்தான். அவள் சாலைக்கு நடந்து பஸ் பிடித்தாள். பஸ் முத்தையாபுரம் தாண்டுவதற்குள் போனில் இரண்டு கடிதம் எழுதி முடித்தாள். ஒன்று வேலையை விடுவதாகக் கம்பெனிக்கு. இன்னொன்று சரக்கு வாங்குகிற துபாய்க்காரருக்கு: தன் பெயரில் வந்த எந்தச் சான்றிலும் இருப்பது தன் கையெழுத்து இல்லை, அந்த அரிசியைத் தான் முகர்ந்து பார்த்ததே இல்லை என்று. அனுப்பிவிட்டு, மோதிர விரலை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. உமட்டல்தான் வந்தது.

வீட்டில் வேதமணி பூண்டை உரித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். மகள் திகைத்துப் பார்ப்பதைக் கண்டு சங்கடத்தோடு சிரித்தார்.

"காலையில இருந்து நாலு தரம் பல்லு தேச்சிட்டேன். இன்னும் ஏப்பத்துல வருது."

"நல்ல ருசின்னு சொன்னிய?"

"வேற என்ன சொல்ல?"

"ரெண்டாவது தரம் ஏம்ப்பா வாங்கினிய?"

"உன் மாமனார் என் இலையையே பாத்துக்கிட்டிருந்தாரு. மிச்சம் வச்சா, நாளப்பின்ன உன்ன ஒரு சொல்லு சொல்லிருவாங்களோன்னு முழுங்கிட்டேன். அறையில அடிக்கிற சென்ட்டத் தின்ன மாதிரி இருந்துச்சு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், மகள் முடித்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார். "பத்திரிக குடுத்தாச்சே சுதா. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. உனக்கு இந்த வயசுல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு கேட்டார்: "அந்தப் பையன் உன்ன நல்லா வச்சிக்கிடுவானா?"

"வச்சிக்கிடுவான் அப்பா. எனக்கு மட்டும் தனியாச் சாதம் வைப்பான்."

வேதமணி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "வா. இப்பமே போவோம். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது."

தேவபிரசாதம் ஐயர் சபை அலுவலக அறையில் அசன ஏற்பாடுகளை எழுதிக்கொண்டிருந்தார். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அவர்களைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே, கல்யாணப் பொண்ணே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தடை சொல்ல வந்திருக்கேன் ஐயரே" என்றாள் ஜெபசுதா.

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். வேதமணியைப் பார்த்தார். வேதமணி தலையசைத்தார்.

"காரணம் எழுதணுமேம்மா. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல ஐயரே."

"நெருங்கின ரத்தச் சொந்தமா?"

"இல்ல."

"குடியா? அடிதடியா?"

"அதெல்லாம் இல்ல. நல்லவருதான்" என்று சொல்லும்போது அவள் குரல் முதன்முறையாக உடைந்தது.

"அப்ப நான் என்னத்த எழுத? அவுக சபைக்கும் வேண்டப்பட்டவுக. அசனத்துக்கு இருபது மூடை அரிசி வந்து எறங்கிருக்கு, ஸ்டோர்ல..."

ஜெபசுதா நிமிர்ந்தாள். "என்ன நூல் ஐயரே?"

"நூலா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டோர் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வாசலிலேயே தெரிந்துவிட்டது. மூடைகளின் வாயில் வெள்ளை நூல். அவள் ஒரு மூடையின் மூலையைப் பிரித்து ஒரு கை அரிசி எடுத்து வந்து ஐயர் முன்னால் நீட்டினாள்.

"மணந்து பாருங்க."

"நல்ல வாசம்லா அடிக்கு?"

ஐயரின் மனைவி கொண்டுவந்து வைத்திருந்த பிளாஸ்க்கில் வெந்நீர் இருந்தது. ஜெபசுதா அரிசியை ஒரு டம்ளரில் போட்டு, வெந்நீர் ஊற்றி, கையால் மூடிவைத்தாள். "நெசமான சீரகச் சம்பான்னா வாசம் அரிசிக்குள்ள இருக்கும். வெந்தாத்தான் வெளிய வரும். இது மேல அடிச்சது. தண்ணியோட போயிரும்." சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரை இன்னொரு டம்ளரில் வடித்து இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

ஐயர் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனார். சட்டென்று முகத்தைத் திருப்பினார். அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வளையம் வளையமாக மிதந்தது. அரிசியை முகர்ந்தார். வெறும் சாக்கு வாசம்.

"போன வருச அசனத்துக்கும் இவுகதான் குடுத்தாக" என்றார் மெதுவாக. "மேடையில நின்னு, சோறு மணக்குன்னு நன்றி சொன்னேன். சாப்பிட்டதுல ஆயிரம் பேராவது இருக்கும்." கைக்குட்டையை எடுத்து உதட்டை அழுத்தித் துடைத்தார். போன வருடத்துச் சோறு இன்னும் அங்கே ஒட்டியிருந்த மாதிரி.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி உள்ளே வந்து டம்ளர்கள் இரண்டையும் விரல் நுனியால் தூக்கினாள். "இனிமே இதுல பால் ஊத்தவா முடியும்?" என்று தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனாள்.

ஐயர் ஓலைப் புத்தகத்தைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"நாத்தம்னு எழுதுங்க ஐயரே."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, பெண் வீட்டார் விருப்பப்படி என்று எழுதி அவளிடம் காட்டினார். அவள் 'வீட்டார்' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டினாள். அவர் அதை அடித்துவிட்டுப் பெண்ணின் விருப்பப்படி மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை என்று மாற்றி எழுதினார்.

"இங்கன ஒரு கையெழுத்து."

ஜெபசுதா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மோதிரத்தைக் கழற்றி அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

ஐயர் ஸ்டோர் அறைப் பக்கம் பார்த்தார். "வாத்தியாரே, இந்த இருபது மூடையையும் திருப்பி ஏத்திவிடணும். அவுக எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டா என்ன செய்ய? மாட்டுக்காவது குடுத்திரலாமா?"

"மாடு திங்காது ஐயரே" என்றார் வேதமணி, இன்னொரு ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. "மாடு மரியாதைக்கெல்லாம் சாப்பிடாது."